மூத்தாளின் மூச்சு

நவம்பர் 3, ஞாயிறு

டில்லிஸ் இன்று மதகை மூட மறந்துவிட்டாள். கிளேடன் இறக்கத்தில், படகை மட்டம் ஏற்றி இறக்கும் இரண்டாவது லாக்கில். படகை உள்ளே விட்டு, தண்ணீரை வடித்து, கீழே இறக்கி வெளியே வந்ததும் மதகுகளை மூட வேண்டும். கால்வாயில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இவள் மேல் மதகையும் கீழ் மதகையும் திறந்தபடி விட்டுவிட்டு, மதகு திருகும் கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி நடந்து வருகிறாள். நாங்கள் அடுத்த லாக்கை எட்டுவதற்குள் பின்னால் ஒரே கூச்சல். மேலே முறைக்காகக் காத்திருந்த படகுக்கு அடியில் தண்ணீரே இல்லை. சேற்றில் உட்கார்ந்து ஒருக்களித்துக் கிடந்தது.

அதன் சொந்தக்காரன், ஒரு தாடிக்காரன், "வீட்டம்மாவுக்கு லாக்குன்னா என்னன்னு சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வாங்க சார்" என்றான். படகிலேயே குடியிருந்து பதினோரு வருஷமாக இந்தக் கால்வாய் முழுக்க மதகு திறந்து மூடியவளைப் பார்த்து. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் முன்னாலேயே அவளைத் திட்டினேன்.

"தலை வலிக்குது நெவில்" என்றாள்.

நவம்பர் 6, புதன்

குரோப்ரெடியில் படகைக் கட்டியிருக்கிறோம். மூத்தாளுக்குப் பணிவிடை நாள்.

இஞ்சினுக்கு அந்தப் பெயரை வைத்தவள் டில்லிஸ்தான். கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் இருந்ததால் அது மூத்தாள், தான் இளையாள். "எழுந்ததும் அவளைத்தான் தொட்டுப் பாக்குற. நான் உசிரோட இருக்கேனான்னு ஒருநாளாவது பாத்தியா?" என்பாள், சிரித்துக்கொண்டே. என்னைவிட வயதான இரண்டு சிலிண்டர் டீசல். தொட்டுப் பார்க்காமல் ஓடுமா? எண்ணெய்க் கிண்ணங்களை நிரப்ப வேண்டும், அழுத்தம் விடும் நெம்புகோலைத் தூக்க வேண்டும், கைப்பிடியைப் போட்டு மூச்சு முட்டச் சுற்றி, சரியான நொடியில் நெம்புகோலைத் தட்டிவிட வேண்டும். அப்புறம் அந்த முதல் "டொம்". அதைக் கேட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி.

ஆனால் கொஞ்ச நாளாக அந்த "டொம்"முக்குப் பின்னால் ஒரு சின்ன "ப்ஸ்" கேட்கிறது. இன்ஜெக்டர் வாஷராக இருக்கும். கழற்றி மாற்றினேன். போகவில்லை. நாளைக்கு வால்வைப் பார்க்க வேண்டும். புகைக்குழாயில் சந்தேகமே இல்லை. போன மாதம்தான் அதற்குப் சூடு தாங்கும் புது வெள்ளைப் பட்டை சுற்றினேன், அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி, நூல் பிசகாமல்.

நவம்பர் 11, திங்கள்

குளிர் தொடங்கிவிட்டது. கட்டிப் போட்டிருந்தாலும் காலையும் மாலையும் மூத்தாளை ஓட்டித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி ஏறாது, விளக்கில்லை, பம்பு இல்லை. அவள் ஓடும்போது பக்கத்துப் பின்னறை கதகதவென்றிருக்கும். டில்லிஸ் அங்கேதான் உட்கார்ந்து பின்னுகிறாள். காற்றோட்ட ஓட்டைகளில் பழைய காலுறைகளை அடைத்துவிட்டேன். இனி ஒரு துளி குளிர் உள்ளே வராது.

அந்தப் புகை அலாரம் வேறு இஞ்சின் போட்டாலே கத்துகிறது. அதிர்வு ஒத்துக்கொள்ளவில்லை போல. கழற்றி டிராயரில் போட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

ஒரே கையுறையை மூன்று தடவை பின்னிப் பிரித்திருக்கிறாள். கட்டைவிரலுக்கு இடம் விட மறந்துபோகிறதாம். மத்தியானம் வாந்தி. "ஹெதர் ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?" என்று கேட்டாள். எங்கள் மகளுக்கு வயது நாற்பது ஆகப்போகிறது.

நான் வெளியே போய் விறகு பிளந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

பான்பரியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அவளிடம் கிழமை கேட்டார், மாதம் கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். முட்களைத் தப்பாகப் போட்டாள். ஞாபகமறதிச் சிகிச்சைப் பிரிவுக்குப் பிப்ரவரியில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். "இப்போதைக்குத் தனியா விடாதீங்க மிஸ்டர் ஆல்காட்" என்றார்.

அப்படியென்றால் அதுதானா? அவள் அம்மாவுக்கு வந்த அதே நோயா? கடைசியில் அந்தக் கிழவிக்குச் சொந்தப் பெண்ணையே தெரியவில்லை. கடவுளே, டில்லிஸுக்கு என்னைத் தெரியாமல் போகுமா?

டிசம்பர் 1, ஞாயிறு

எழுதித்தான் ஆற வேண்டும்.

தண்ணீர்க் குழாயடியில் படகை நிறுத்திவிட்டு, டில்லிஸைத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொன்னேன். நான் குப்பை போட்டுவிட்டு வருவதற்குள் குழாயை டீசல் தொட்டியில் செருகித் தண்ணீர் விட்டிருக்கிறாள். டீசல் தொட்டியில். இரண்டு மூடியும் பார்க்க ஒன்று மாதிரிதான், ஆனால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். கால்வாயில் இதைச் செய்தவனைப் பற்றி வருஷக்கணக்கில் பேசிச் சிரிப்போம். அது என் வீட்டில் நடந்திருக்கிறது.

நான் சொன்னதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன். "உனக்கு மூத்தாளே மேல். அந்த இரும்புக்கு இருக்குற புத்திகூட உனக்கு இல்ல. அவளாவது நான் சொன்னா கேக்குறா. உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்கயாவது கொண்டுபோய் விட்டாதான் எனக்கு நிம்மதி" என்றேன். அவள் குழாயைப் பிடித்தபடியே நின்றாள். "சொல்லி என்ன, நாளைக்கு இதையும் மறந்துடுவ" என்றும் சொன்னேன்.

டிசம்பர் 2, திங்கள்

காலையில், "ஏன் இன்னிக்கி இஞ்சின் போடல?" என்று கேட்டாள். மறந்தேவிட்டாள். நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 8, ஞாயிறு

ஒரு வாரமாக மூத்தாள் மூச்சில்லாமல் கிடக்கிறாள். தொட்டியை வடித்தேன், குழாய்களைக் கழுவினேன், வடிகட்டியை மாற்றினேன், பம்பிலிருந்து காற்றை எடுத்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சம், விறகடுப்பு. வேட்டைக்காரன் குடிசை மாதிரி இருக்கிறது படகு.

வேடிக்கை என்னவென்றால், டில்லிஸ் தேவலை. வாந்தி இல்லை. நேற்று சீட்டாட்டத்தில் என்னைத் தோற்கடித்தாள். கையுறைக்குக் கட்டைவிரல் முளைத்திருக்கிறது. ஒருவேளை நான் கத்தியதில் பயந்து புத்தி வந்ததோ?

டிசம்பர் 10, செவ்வாய்

மூத்தாள் பிழைத்தாள். எட்டாவது சுற்றில் "டொம்". குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். "ப்ஸ்" மட்டும் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

மறுபடி ஆரம்பித்துவிட்டது. தேநீரில் உப்பு. தலைவலி. எனக்கும் லேசாகத் தலை கனக்கிறது. கவலைதான்.

டிசம்பர் 27, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு ஹெதர் வீட்டுக்குப் போனோம். அங்கே வேறு டில்லிஸ். வான்கோழியை அவளே வெட்டினாள். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை வரிசையாகச் சொன்னாள். ஹெதர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு என்னப்பா குறை? இங்க நல்லாத்தானே இருக்கா? உன்கிட்ட வந்தாதான் இப்படி ஆகுறா. நீ அவளை என்னதான் பண்ற?" என்றாள்.

என்ன பண்றேன்? சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், அவ உக்கார்ற இடம் சூடா இருக்கணும்னு காலங்காத்தால இஞ்சினோட மல்லுக்கட்டுறேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன பண்ணணும்? கோட்டை எடுத்துக்கொண்டு டில்லிஸைக் கூட்டி வந்துவிட்டேன்.

ஜனவரி 4, சனி

படகை விற்பது என்று தீர்மானித்துவிட்டேன். பிப்ரவரியில் டாக்டர்கள் நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் இவளைத் தண்ணீர் ஓரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. மூத்தாளிடம் போய்ச் சொன்னேன். பைத்தியக்காரன்.

ஜனவரி 9, வியாழன்

மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மொய்ரா வந்தாள், எங்களுக்கெல்லாம் கரியும் டீசலும் படகில் கொண்டுவந்து விற்கிறவள். நான் கரையில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். மூத்தாள் ஓடிக்கொண்டிருந்தாள். "டில்லிஸ் உள்ளயா? ஒரு டீ குடிச்சுட்டுப் போறேன்" என்று பின்னறைக்குள் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

"நெவில், இஞ்சினை நிறுத்து. இது என்னய்யா நாத்தம்? கண்ணெல்லாம் எரியுது."

"டீசல் படகுல டீசல் நாறாம ரோஜாவா மணக்கும்?" என்றேன். நான் அப்படித்தான் சொன்னேன்.

"முட்டாள், நிறுத்துடா. இவ எழுந்திருக்க மாட்டேங்குறா."

இருவரும் சேர்ந்து டில்லிஸைப் புல்வெளிக்குத் தூக்கி வந்தோம். முகம் சிவந்திருந்தது. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பின்னலூசி இன்னும் கையில் இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை மொய்ரா அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண். மெதுவாகத்தான் சொன்னாள். "மறதி நோய்னு இப்போ நினைக்க வேண்டாம். இஞ்சின் புகை ரத்தத்துல ஏறியிருக்கு. ரொம்ப நாளாவே ஏறிட்டு இருந்திருக்கணும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." ஞாபகம் எவ்வளவு திரும்பும் என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

டில்லிஸ் முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. மூச்சு விடுகிறாள். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

படகுக்குப் போய், கத்தியை எடுத்து அந்த வெள்ளைப் பட்டையைக் கிழித்தேன். உள்பக்கம் கன்னங்கரேல். புகைக்குழாயின் வளைவில் ஒரு வெடிப்பு, என் நகம் நுழைகிற அளவு. அதுதான் "ப்ஸ்". சத்தத்தை வைத்தே இஞ்சினுக்கு வியாதி சொல்வேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், அந்த வெடிப்புக்கு மேல் என் கையாலேயே கட்டுப் போட்டிருக்கிறேன். காற்று வரும் ஓட்டையையும் என் கையால்தான் அடைத்தேன்.

டிராயரிலிருந்து அலாரத்தை எடுத்து அமுக்கினேன். நன்றாகவே கத்தியது.

தண்ணீர் புகுந்து இஞ்சின் நின்ற அந்த ஒரு வாரம் அவள் தேறினாளே. கிறிஸ்துமஸில் தேறினாளே. எல்லாம் இந்த நோட்டில் நானேதான் எழுதியிருக்கிறேன். கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்? சீ.

ஜனவரி 14, செவ்வாய்

டில்லிஸை ஹெதர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஹெதர் என்னை வாசலோடு பேசி அனுப்பினாள். சரிதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

புகைக்குழாய்க்குப் புது வளைவு வார்த்து வந்தது. மாட்டினேன். பட்டை சுற்றவில்லை, இனி அம்மணமாகவே இருக்கட்டும். காலுறைகளை அடுப்பில் போட்டேன். புது அலாரங்கள், ஒவ்வொரு அறைக்கும். "ப்ஸ்" போய்விட்டது. கேட்க இனிமையாக இருக்கிறது, அதுவே எனக்கு அருவருப்பாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று ஹெதர் என்னை உள்ளே விட்டாள். டில்லிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மறதிப் பிரிவில் கடிகாரத்தைச் சரியாக வரைந்தாளாம். சில வார்த்தைகள் இன்னும் வாயில் வர மாட்டேன் என்கின்றன. மற்றபடி அவளேதான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வெடிப்பைச் சொன்னேன், பட்டையைச் சொன்னேன், காலுறையைச் சொன்னேன். "அதுக்கு நீ என்ன செய்வ, எனக்குக் குளிரக் கூடாதுன்னுதானே அடைச்ச" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து அவள் பக்கத்தில் போனேன்.

பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அந்தக் குளிர்காலமே எனக்கு மறந்துபோச்சு நெவில். லாக்ல மதகை விட்டது ஞாபகம் இல்ல. தண்ணி விட்டது ஞாபகம் இல்ல. நீ குழாயடியில சொன்னது மட்டும் ஒரு எழுத்து விடாம இருக்கு."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"மறுநாள் காலையில ஏன் இஞ்சின் போடலன்னு கேட்டியே..." என்று இழுத்தேன்.

"மறந்த மாதிரி இருந்தா உனக்கு நிம்மதியா இருக்கும்னு தோணிச்சு" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

படகை விற்கிறேன் என்றேன். "உன் படகு, உன் இஷ்டம்" என்றாள். "நம்ம படகு" என்றுதான் எப்போதும் சொல்வாள்.

மார்ச் 15, சனி

எழுத ஒன்றும் இல்லை. மழை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்தாள். ஒரு நாளைக்கு மட்டும், பார்க்கலாம் என்று. ஹெதர் பாலத்தடியில் இறக்கிவிட்டாள். டில்லிஸ் கையில் அந்தக் கையுறைகள், ஒருவழியாக முடித்திருக்கிறாள். என்னிடம் நீட்டினாள். போட்டுக்கொண்டேன்.

மூத்தாளை ஏற்கெனவே ஓடவிட்டிருந்தேன். பின்னறை வாசல் வரை வந்து நின்று, அலாரத்தைப் பார்த்தாள், திறந்திருந்த கதவுகளைப் பார்த்தாள். "இன்னும் நீ சொன்னா கேக்குறாளா?" என்றாள். கோபமில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

எப்போதும் பின்னால் என் பக்கத்தில் நிற்பவள், இன்று நாற்காலியை எடுத்துக்கொண்டு படகின் முன்னால், மூக்கு முனைக்குப் போய்விட்டாள். எங்கள் படகு நீளம். அங்கே உட்கார்ந்தால் இஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியாது. நான் சுக்கானைப் பிடித்தபடி அவள் முதுகையும் பச்சைத் தொப்பியையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

குரோப்ரெடி திருப்பத்தில் கரையோரம் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவற்றைத் தாண்டும்போது வேகம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலை அடித்து அவற்றின் கயிறு அறுந்துபோகும், அடுப்பில் இருக்கும் கெட்டில் கவிழும். எனக்கு அது எப்போதும் மறந்துபோகும். முன்பெல்லாம் விலாவில் முழங்கையால் ஒரு இடி விழும். இன்று திருப்பத்துக்கு முன்பே, திரும்பிப் பார்க்காமல், அவள் ஒரு கையை உயர்த்தி உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினாள்.

குறைத்தேன். கை இறங்கவில்லை. இன்னும் குறைத்தேன். மூத்தாள் இருமினாள், நின்றுவிடுவேன் என்று மிரட்டினாள். நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசிப் படகைத் தாண்டும்வரை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.