சாந்த்'ஆனாவின் குப்பிகள்

14 மார்ச் 2023, செவ்வாய்

தாய்ப்பால் வங்கியிலிருந்து மறுபடி அழைப்பு. இந்த மாதம் ஆறு குப்பிகள். பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறது, கணினிப் பதிவில் இல்லை. பதிவில்லாத பாலைக் கொட்டத்தான் வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கான பால்.

அந்த மென்பொருளை ஒன்பது வருடம் முன்பு டெல்பி என்ற நிரல்மொழியில் எழுதியவள் நான். இன்று என் பெயரிலேயே முப்பது தடவை பதிந்து பார்த்தேன். ஒழுங்காகப் பதிகிறது. "பதிகிறவர் சேமிக்க மறந்திருக்கலாம்" என்று பதில் அனுப்பிவிட்டேன்.

16 மார்ச், வியாழன்

பதிகிறவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஜிஸ்லைனி. என் பதிலைக் காட்டித்தான் அவளைச் சலவைப் பிரிவுக்கு மாற்றப்போகிறார்களாம். மதியம் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள், சீருடையோடு.

"ஸுலெய்ஜி மேடம், நான் மறக்கலை. 'சேமிக்கப்பட்டது'ன்னு திரையில வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு குப்பியையும் அதிலும் எழுதி வைத்திருக்கிறாள். காணாமல் போன ஆறில் நான்கு ஜுசிமாரா சாந்த்'ஆனா என்ற தாயுடையது. இரண்டு, டி'ஆவிலா என்ற பெண்ணுடையது.

பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை. "பாக்கறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

17 மார்ச், வெள்ளி

"சாந்த்'ஆனா" என்று அடித்து, நிரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். கூட வேலை பார்க்கும் எவெரால்டோ தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். பிழை எழும் இடத்திலேயே நிற்கச் சொல்லி டெல்பியில் ஒரு தேர்வு உண்டு. தொந்தரவு என்று எப்போதோ அணைத்திருந்தேன். இன்று போட்டேன்.

நின்றது. பெயர் நடுவிலுள்ள அந்த ஒற்றை மேற்கோள் குறியைப் பார்த்து, பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாகத் தரவுத்தளம் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் புரியாமல் பதிய மறுக்கிறது. பிழை எழுகிறது – சரி, அதைப் பிடித்துத் தெரிவிக்க வேண்டிய வரி எங்கே? இன்னொரு வரி ஓட்டினேன். பிடிக்கிற இடத்துக்குத் தாவியது. அங்கே ஒன்றுமே இல்லை. வெறுமை. பக்கத்தில் ஒரு குறிப்பு: "சத்தம் நிறுத்தப்பட்டது – ஸு., 2014." அடுத்த வரியில் "சேமிக்கப்பட்டது" என்று திரையில் வந்தது.

"யாரு இந்த ஸு? ஆளைப் பிடிச்சுக் கட்டி வைக்கணும்" என்று சிரித்தான் எவெரால்டோ. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஞாபகம் வந்துவிட்டது. அப்போது கணினி, தாய்மார் பால் எடுக்கும் அறையிலேயே இருந்தது. பிழை வந்தால் பெரிதாகக் கத்தும். மாரில் கிடக்கிற குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடும். தாய்க்குப் பால் நின்றுவிடும். தலைமைச் செவிலி கெஞ்சினார். ஒரே வரியில் அடக்கிக் கொடுத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போனேன். சத்தத்தை மட்டும்தானே நிறுத்த நினைத்தேன்?

19 மார்ச், ஞாயிறு

நாள் முழுக்க மழை. அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டுட்டேனே.

20 மார்ச், திங்கள்

தலைமைச் செவிலி முன்னால், ஜிஸ்லைனி முன்னால் சொன்னேன். "இவங்க மேல தப்பில்ல. நான் எழுதினதுதான்." இடமாற்ற உத்தரவை அவர் கிழித்துப் போட்டார்.

ஜிஸ்லைனி நோட்டைப் பிரித்து அந்த நான்கு வரிகளைக் காட்டினாள். பிறகு, "ஜுசிமாராகிட்ட யார் சொல்றது?"

இரண்டு பேருமே போனோம். அந்தப் பெண் பால் எடுக்கும் கருவியைக் கையில் வைத்தபடி கேட்டாள். "நாலு குப்பி... அது எனக்கு ரெண்டு நாள் பால், தெரியுமா?" அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே போய்ச் சேருமா?"

"சேரும்."

"அப்போ நகருங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்று மறுபடி எடுக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் ஜிஸ்லைனி ஒரு காபியை என் கையில் திணித்தாள். "குடிங்க. ஆறிடும்."

22 மார்ச், புதன்

சரிசெய்து கொடுத்தாயிற்று. இனிப் பிழை வந்தால் சத்தமில்லாமல் சிவப்பில் தெரியும். பதிவு நடக்காமல் திரை நகராது. இதேபோல் வெறுமையாக விட்ட இடங்கள் இன்னும் பதினொன்று. எல்லாம் என் கைவேலை.

3 ஜூலை, திங்கள்

ஜூலைதான் இங்கே குளிர்காலம், பல் கிடுகிடுக்கிறது. காலையிலேயே ஜிஸ்லைனியின் அழைப்பு.

"ஸு, சிவப்பு வந்திருக்கு!"

"என்ன எழுதியிருக்கு, படி."

"'அப்படி ஒரு தேதி இல்லை'ங்குது. இரு... ஐயோ, ஜூன் முப்பத்தொண்ணுன்னு அடிச்சிருக்கேன்! இந்தத் தடவை தப்பு என்னோடதுதான்!"

வயிறு குலுங்கச் சிரித்தாள்.