கேட்டுத்தான் அழுத்தினேன்

மார்ச் 4

என் பிரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். உன் தம்பி பெண்டாட்டி நலமாக இருக்கிறாள், அதனால்தான் நானும் நலம். அத்தானுக்கு முட்டி வலி தேவலையா?

நீ அனுப்பிய கூட்டம் நேற்று எங்கள் கடைக்கு வந்து இறங்கியது. விமானத்தில் கால் வைக்காமலே ஊரையெல்லாம் வெளிநாடு சுற்ற அனுப்புகிற பொம்பளை உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். தலை சுற்றும் என்று நீ வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொள்கிறாய். அவர்களைப் பார்த்து இங்கே எனக்குத் தலை சுற்றுகிறது.

நாலு கைப்பை வாங்கிய ஓர் அம்மா, விலைச்சீட்டைப் பார்த்ததும் பேரத்தைப் பாதி விலையில் ஆரம்பித்தார். இது தோல் சாமான் கடைதான், ஆனாலும் பேரம் கிடையாது என்றேன். "உங்க அக்கா சொன்னாங்களே, தம்பி கடைன்னு." கடை என்னுடையது இல்லை, நான் கல்லாவில் நிற்கிறவன் என்று எத்தனை முறை உனக்குச் சொல்வது? இன்னொருவர் கார்டைச் செருகிவிட்டு, ரகசிய எண் யாருக்கும் தெரியக்கூடாது என்று தொப்பியால் மெஷினை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். கடை முழுக்க இப்போது அது மனப்பாடம். உன் ஹெட்மாஸ்டர் இருக்கிறாரே, ரிட்டயரானவர், அவர் பெட்டியின் மேல் தன் மனைவியை உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். பெட்டி தாங்கியது. அந்த அம்மாள் முகம்தான் தாங்கவில்லை.

எல்லோரும் கார்டுதான். மற்ற கடைகளில் நம் ஊர்க் கார்டைப் பயந்து பயந்துதான் கொடுத்தார்களாம். என்னிடம் மட்டும் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி நீட்டினார்கள். மெஷினை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. "நம்ம ஆளு இருக்கார், பாத்துப்பார்." மத்தியானச் சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். வயசாகிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் மேனேஜருக்கு ஏக சந்தோஷம். என் முதுகில் தட்டினார். அவருடைய மீசையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

என்றும் உன் செல்லத் தம்பி

*

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. வீட்டில் எல்லோரும் சுகம். முன்னறையை ஆபீஸ் ஆக்கியதிலிருந்து உன் அத்தான் பேப்பரோடு சமையலறையில் குடியிருக்கிறார். அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அதையும் பேப்பர் மாதிரியே பார்க்கிறார். மற்றபடி ஒரு குறையும் இல்லை. குறை வேறு பக்கம் இருந்து வந்திருக்கிறது.

போய் வந்தவர்களை, அங்கே எடுத்த படங்களைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஹெட்மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்தார். உன் கடை ரசீது. அதே கம்பெனி, அதே விலை போட்ட பெட்டியை இன்னொருவர் ரெண்டு தெரு தள்ளி வாங்கியிருக்கிறார். அவருக்கு பேங்கில் குறைவாகவும் இவருக்கு நிறையவும் பிடித்திருக்கிறார்கள். இவருடைய மாப்பிள்ளைக்கு பேங்கில்தான் வேலை. அவர் விளக்கினாராம். வெளிநாட்டுக் கார்டைப் போட்டால் அந்த மெஷின் ஒரு கேள்வி கேட்குமாமே? இந்த நாட்டுப் பணத்தில் எடுக்கட்டுமா, உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கட்டுமா என்று. நம் பணத்தில் என்று அழுத்தினால், மாற்று விலையை அந்த மெஷின்காரனே வைப்பானாம். கூடுதலாக வைத்து, அதில் கடைக்கும் ஒரு பங்கு கொடுப்பானாம். அதனால் வாங்குகிறவரிடம் திரையைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் அழுத்த வேண்டுமாம்.

"என்னை யாரும் கேக்கலையேம்மா" என்றார் ஹெட்மாஸ்டர். ஆனால் ரசீதின் அடியில் பொடி எழுத்தில், 'என்னிடம் கேட்டார்கள், நான் சம்மதித்தேன்' என்று அச்சாகியிருக்கிறது. கீழே அவர் கையெழுத்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என் தம்பி கேட்டிருப்பான் சார், உங்களுக்குத்தான் மறந்துபோச்சு" என்றேன். கைப்பை அம்மா சும்மா இருப்பாரா? "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடச் சொன்னவராச்சே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. ஜூலைப் பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் ஒவ்வொருத்தராக வந்து, தம்பி கமிஷன் எடுக்கிறாரா என்று ஜாடையாகக் கேட்கிறார்கள். நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லோரையும் கேட்டுத்தான் அழுத்தினேன் என்று உன் கையால் ரெண்டு வரி எழுதி அனுப்பு. அவர்கள் மூஞ்சியில் காட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

அன்பு அக்கா

*

ஏப்ரல் 20

என் பிரிய அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் தள்ளுபடிக் காலம். செருப்புப் பெட்டிகளுக்கு நடுவில் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மேனேஜர் மீசையைச் சொல்கிறேன் என்றேனே. அது தினமும் காலையில் அவருக்கு முன்னால் கடைக்குள் வரும். அதன் வலது முனை மேலே நின்றால் நல்ல வியாபாரம், கீழே தொங்கினால் யாருக்கோ வேலை போகப் போகிறது. போன வாரம் அது தொங்கியது. பக்கத்துக் கல்லாவில் இருந்த பெண் இப்போது இல்லை. நல்ல பெண். ஒவ்வொருத்தருக்கும் மெஷினைத் திருப்பித் திருப்பிக் காட்டி, வரிசையை வாசல் வரைக்கும் நீட்டிவிடுவாள்.

அந்த மெஷின் விஷயம் பேங்க் மாப்பிள்ளை சொல்கிற மாதிரி அவ்வளவு பயங்கரம் ஒன்றும் இல்லை. வெளியூர் போன இடத்தில் சொந்தப் பணத்தில் கணக்குத் தெரிவது ஒரு வசதிதானே? இவ்வளவு ஆச்சு என்று அப்போதே புரியும், ராத்திரி கைவிரலில் பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. டாக்டர் ஊசி போடுவதற்கு முன் மருந்தின் பெயரைச் சொல்லி, போடட்டுமா வேண்டாமா என்றா கேட்கிறார்? இந்த உதாரணம் எழுதும்போது நன்றாக இருந்தது. இப்போது படித்தால் சுமாராகத்தான் இருக்கிறது.

அத்தானுக்கு ஒரு பெல்ட் அனுப்புகிறேன். இடுப்பளவு தெரியாததால் என் அளவில் வாங்கி இரண்டு ஓட்டை கூடப் போடச் சொன்னேன். ஜூலைக் கூட்டத்துக்கு என்னால் ஆன தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்று சொல். தொப்பிக்காரர் வந்தால் அவருடைய எண்ணை நான் இன்னும் மறக்கவில்லை என்றும் சொல்.

நீ கேட்ட ரெண்டு வரியை நிதானமாக எழுதி அனுப்புகிறேன்.

உன் தம்பி

*

மே 8

அன்புத் தம்பிக்கு,

பெல்ட் வந்தது. உன் அத்தானுக்கு அது இரண்டு சுற்று வருகிறது. நீ அங்கே நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்து சந்தோஷம்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் ரெண்டு வரி இல்லை. நானும் பின்பக்கம் எல்லாம் திருப்பிப் பார்த்தேன். நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். தப்பு எதுவும் இல்லாத நாளில் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியவும் வேண்டாம்.

கடிதம் வந்த அன்றைக்கு முன்னறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஹெட்மாஸ்டரும் இருந்தார். கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வந்த கூட்டம் அது. நான் என்ன செய்வேன்? "தம்பி எழுதிட்டான், கேட்டுத்தான் அழுத்தினானாம்" என்று உன் கடிதத்தை உறையோடு தூக்கிக் காட்டினேன். ஒருத்தரும் வாங்கிப் படிக்கவில்லை. உள்ளே இருந்தது உன் மேனேஜரின் மீசை.

அப்புறம் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றார். இத்தனை வயசான மனுஷன், எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "எனக்குத்தான் ஞாபகம் தப்பிப்போச்சு. உங்க தம்பி பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்கம்மா." அதோடு விடவில்லை. தனக்கு மறதி வந்துவிட்டது என்று நம்ப ஆரம்பித்திருக்கிறார். டாக்டரிடம் போய் மருந்து வாங்கிச் சாப்பிடுவதாக அவர் மனைவி சொல்லி அழுதாள். இப்போது ஜூலைப் பயணத்துக்கு மறுபடியும் பணம் கட்டியிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். உன்னை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

வேண்டாம் சார் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் எதையாவது முடிவு பண்ணினால் பண்ணினதுதான். வந்தால் நல்லபடியாகப் பேசி அனுப்பு. உளறி வைக்காதே. என் பிழைப்பு இதில்தான் இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 23

அக்காவுக்கு,

அவர் வந்தார்.

வரிசையில் தனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே விட்டுவிட்டுக் கடைசியாக வந்தார். தனக்குத் தேவையே இல்லாத ஒரு பர்ஸைக் கையில் வைத்திருந்தார். வெறும் கையோடு மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார் போல. மேனேஜர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, மெஷின் தெரியும். அவர் நின்றால் எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று என் விரலுக்கே தெரியும். அக்கா, நான் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. வெளிநாட்டுக் கார்டு என்றால் கேட்காமல் அவர்கள் நாட்டுப் பணம் என்று அழுத்து, அப்புறம் ரகசிய எண்ணுக்குத் திருப்பிக் காட்டு என்பதுதான் முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த வேலை. உன் ஆட்களிடமும் அதையே செய்தேன். நீ அனுப்பிய ஆட்கள் என்பதால் அது சுலபமாகவும் இருந்தது.

"தம்பி, உங்களைச் சந்தேகப்பட்டு நாலு பேர் மத்தியில பேசிட்டேன்" என்று ஆரம்பித்தார். கார்டைச் செருகினேன். மெஷின் கேட்டது. நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்குக் காட்டாதீங்க. நீங்களே போடுங்க, அதான் எனக்கு நிம்மதி."

பாருங்கள் ஐயா என்று கெஞ்சினேன். பெல்ட் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரத்தில் இந்த நாட்டுப் பணம் என்கிற சரியான பட்டனை அழுத்தி, பர்ஸைப் பையில் போட்டு, புன்னகையோடு அனுப்பியிருக்கலாம். அவருக்கும் நஷ்டம் இல்லை, உனக்கும் இல்லை. நல்லவனாவதற்கு ஒரு விரல் போதும் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அந்த மனுஷன் தனக்கு மறதி என்று மருந்து சாப்பிடுகிறாரே.

"ஐயா, உங்களுக்கு ஒரு மறதியும் இல்லை. அன்னிக்கு நான் கேக்கவே இல்லை" என்றேன்.

திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் கேட்ட மன்னிப்பை என்ன பண்றது?" என்றார்.

நான் பர்ஸில் இருந்த விலைச்சீட்டைக் கழற்றினேன். அப்புறம், "உங்க அக்காவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். கேட்டுத்தான் அழுத்தினேன் என்று நான் அவளுக்குப் பொய்யாக எழுதினேன், அவள் பாவம் நம்பிவிட்டாள் என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு மெஷினைத் தன் பக்கம் இழுத்து, மேலிருந்து கீழ்வரை படித்து, தானே அழுத்தினார். ரசீதின் பொடி எழுத்தையும் நின்று முழுக்கப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பர்ஸை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனார்.

அவருக்குப் பிறகு வந்த வேறு ஊர்க்காரர்களுக்கும் அழுத்தும் முன்பே திருப்பிக் காட்டினேன். மேனேஜர் என்னைக் கீழ்த்தளத்து கோடவுனுக்கு மாற்றிவிட்டார். இங்கே காலணிகளுக்கு ஜோடி சேர்க்கிறேன். பேச்சுத் துணைக்கு எல்லாமே வாய் திறந்த சாமான்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊர் திரும்பியதும் அவர் உன்னிடம் வருவார். நான் அந்த ரெண்டு வரியை எழுதினேன் என்றே இருக்கட்டும். கடிதத்தைக் கேட்டால் ஆத்திரத்தில் கிழித்துப் போட்டேன் என்று சொல். எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு என்னைத் திட்டு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டு. என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை உன் வாயில் வரக் கூடாது, வந்தால் உன் தொழில் போச்சு. இனிமேல் ஒருத்தரையும் இந்தக் கடைக்கு அனுப்பாதே.

தம்பி

*

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். முன்னறை நிறைய ஆள். ஹெட்மாஸ்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்றேன், நம்பினார்கள். பிறகு உன்னைத் திட்ட ஆரம்பித்தேன்.

ஆரம்பிக்கும்போது நடிப்புதான். அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்து யோசித்துத்தான் சொன்னேன். நடுவில் எப்போது நிஜமாயிற்று என்று தெரியவில்லை. நம்பி அனுப்பினவங்களை நீ ஏன்டா கேக்கலை, கேட்டா என்னடா குறைஞ்சிடும் என்றேன். என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டியேடா என்றும் வாயில் வந்துவிட்டது. அது நீ எழுதிக் கொடுத்ததில் இல்லை. நல்ல வேளை, யாரும் அதைக் கவனிக்கவில்லை. என்னால் நிறுத்த முடியவில்லை. உன் அத்தான் சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

கடைசியில் ஹெட்மாஸ்டர்தான் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, கூடப் பிறந்தவன் எழுதினதை நம்பினீங்க. மனசை விடாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் அவர் காலில் விழ வேண்டியவள். விழுந்தால் நீ எனக்காகச் சொன்ன பொய் போய்விடும். தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் பெயரும் அதில் இருக்கிறது.

உன் மேல் இருந்த கோபம் அன்றைக்கே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. சோறு வடிக்கும்போதும் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு எழுதாதே. எழுதினால் சிரிக்க வைத்துவிடுவாய்.

அக்கா