குதிக்காத படம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன்.

அம்மாவின் கை இப்போது தட்டைக்கூடப் பிடிப்பதில்லை. பிறவியிலிருந்தே காதும் பேச்சும் இல்லாதவளுக்குக் கைதானே பேச்சு. அதுவும் ஓய்ந்துவிட்டது. நான் கையால் சொன்னால் புரிந்துகொள்கிறாள். பதிலுக்குக் கண்ணும் தலையாட்டலும்தான்.

போன வாரம் அவள் அலமாரியை ஒழித்தபோது, நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கேம்கோடர் கிடைத்தது. கூடவே ஒரு டேப். உறைமேல் பேனாவால் ஒரு காது வரைந்திருக்கிறாள். உன் பேரைச் சொல்ல அவள் காது மடலைக் கிள்ளுவாளே, அதுதான். மாடி வீட்டு ஸ்டூடியோக்காரரைக் கேட்டேன். கை நடுங்க ஆரம்பித்த புதிதில், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அவரைக் கூப்பிட்டுக் கேமராவை ஸ்டாண்டில் வைக்கச் சொல்லிப் பேசியிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை, பார்.

டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மருந்துக்கடை பில் வேலை குவிந்து கிடந்தது. அதையும் அதே கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே ஏற்றினேன். உனக்கென்று வைத்ததால் நான் பார்க்கவில்லை.

குழந்தைகளுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அக்கா

---

மார்ச் 19

அன்பு அக்கா,

உன் கடிதமும் பென் டிரைவும் வந்தன. இந்தக் காலத்திலும் நம் வீட்டில் கடிதம்தான் என்று இங்கே சொன்னால் சிரிக்கிறார்கள். போனில் நாம் பேசிச் சிரித்தால் அம்மா முகம் வாடிவிடும் என்று இவர்களுக்கு எங்கே தெரியும்?

அக்கா, படம் ரொம்பக் குதிக்கிறது. அம்மாவின் கை நெஞ்சில் இருக்கிறது, அடுத்த நொடி நெற்றியில் இருக்கிறது. நடுவில் என்ன செய்தாள் என்றே இல்லை. என் பேர் தெரிகிறது. 'சாப்பாடு' தெரிகிறது. மீதியெல்லாம் யாரோ அங்கங்கே விழுங்கிவிட்ட மாதிரி இருக்கிறது.

இதற்காக நீ மறுபடி அலைய வேண்டாம். நீயே பார்த்து, அம்மா என்ன சொல்கிறாள் என்று ரெண்டு வரி எழுதிவிடேன். சின்ன வயசிலிருந்து நீதானே சொல்லுவாய். எனக்கு ஆபீஸில் தலைக்குமேல் வேலை. மூத்தவளுக்குப் பரீட்சை வேறு.

உன் தம்பி

---

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்டூடியோக்காரரிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். டேப் ஓடும்போது அந்தக் கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்த்தால், வருகிற ஃபிரேமை எல்லாம் அது வாங்கிக்கொள்ளாதாம், நாலைந்தை விட்டுவிடுமாம். "கல்யாண வீடியோவுல நாலு போனா யாருக்கும் தெரியாதும்மா" என்றார். எங்கள் வீட்டில் போவது வார்த்தை என்றேன்.

சுத்தம் செய்கிற கேசட்டை அவரே கொண்டுவந்து கேமராவுக்குள் ஓட்டினார். நெட்டைப் பிடுங்கினேன், பில் வேலையை மூடினேன். டேப் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி நான் சும்மா உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அதோடு முழுவதையும் பார்த்தும்விட்டேன். கண்ணெதிரே ஓடுகிறது, எப்படிப் பார்க்காமல் இருப்பது?

இப்போது கொஞ்சமும் குதிக்கவில்லை. விரல் விரலாகத் தெரிகிறது. திரும்ப அனுப்புகிறேன்.

ஆனால் ரெண்டு வரி எழுதச் சொன்னாயே, அது மட்டும் முடியாது. அப்பா இறந்துபோன வருஷம், அம்மா உன்னோடு வரமாட்டேன் என்றதை நான் போனில் சொன்னேன். "இது அம்மா சொல்றதா, நீ சொல்றதா?" என்று கேட்டாய். நீ மறந்திருப்பாய். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இந்த டேப்பில் என் பேரும் வருகிறது. உதட்டில் விரல் வைத்து என்னைச் சொல்கிறாள். அதனால்தான் உன் கண்ணாலேயே பார் என்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தம்பி பார்க்கப்போகிறான் என்று. அன்றைக்கு இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள்.

உன் அன்பு அக்கா

---

ஏப்ரல் 21

அன்பு அக்கா,

படம் அருமையாக வந்திருக்கிறது. அம்மாவை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! நான் சரியாகத் தூங்குகிறேனா, குழந்தைகள் என்னிடம் சிரித்துப் பேசுகிறார்களா என்றெல்லாம் கேட்கிறாள். என் மனைவிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். ரெண்டு பேரும் அழுதுவிட்டோம்.

கடைசியில் மட்டும் மறுபடி குதிக்கிறது அக்கா. அவள் உதட்டில் விரல் வைத்ததற்கு அப்புறம் ஒன்றும் பிடிபடவில்லை. டேப் பழசு, என்ன செய்வது? விடு, மறுபடி அனுப்பிச் சிரமப்படாதே. பார்த்ததே போதும்.

இந்த வருஷமும் லீவு கிடைக்கும் என்று தோன்றவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள். உன்னைப்போல் அவளை வேறு யாரால் பார்த்துக்கொள்ள முடியும்?

உன் தம்பி

---

மே 6

தம்பிக்கு,

உனக்கு அனுப்பியதன் நகல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஸ்டூடியோக்காரரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஓர் இடத்திலும் குதிக்கவில்லை என்றார்.

சொல்லமாட்டேன் என்றதைச் சொல்கிறேன், ஒருவேளை நிஜமாகவே உனக்குத் தெரியாமல் போயிருந்தால் என்று. "என் கை நின்னதும் நீ வா. என்னை உன்கூட கூட்டிட்டுப் போ. அன்னைக்கு வரலன்னேன், இப்ப வரேன். இவ சின்னப் பொண்ணா இருந்தப்பலேர்ந்து எனக்கு வாயா இருக்கா, தனக்காக அவ ஒண்ணும் பேசினதில்ல. அவகிட்டக் கேக்காத, வேணாம்னுதான் சொல்லுவா." இதை அம்மா மூன்று முறை சொல்கிறாள், உனக்குப் புரியவேண்டும் என்று மெதுவாக.

எனக்கு அலுத்துவிட்டதடா. அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் இல்லை. உனக்கும் அவளுக்கும் நடுவில் நின்று நின்று அலுத்துவிட்டது.

உன் கடிதம் வந்த அன்று, என் கையில் இருந்த உறையைப் பார்த்துவிட்டு அம்மா என் முகத்தையே பார்த்தாள். "பாத்துட்டான். லீவு போட்டிருக்கான், வரான்" என்று கையால் சொன்னேன். அது நீ சொன்னதல்ல, நான் சொன்னது. நீ அன்று போனில் கேட்டது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் உண்மையாயிற்று.

அம்மா சிரித்தாள். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் வாசல் பக்கம் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள். நாளைக்கு அவளிடம் என்ன சொல்வது என்று எழுது. நீ எழுதுவதை எழுதியபடியே சொல்கிறேன்.

அக்கா