சுமியே போன ஊர்

அஜின்கோர்ட்
09.02.2025

அன்பு யோகத்துக்கு,

முதலில் நல்ல செய்திகள். எங்கள் ஜெனோசன் மருந்தாளர் சோதனை முழுவதும் பாஸ். இனி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மருந்துக்கடையில் நிற்பான். கஜனிக்கு ஆசிரியர் வேலை நிரந்தரமாகிவிட்டது, இருபத்தாறு பிள்ளைகள் அவளை மிஸ் என்று கூப்பிடுகுதுகள். சின்னவள் சாம்பவி நீச்சலில் வெள்ளிப் பதக்கம், விஞ்ஞானத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு மனுசி, “உங்கட பேரப்பிள்ளையளுக்கு என்ன சாப்பாடு குடுத்து வளர்த்தனியள்?” என்று கேட்டா. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

என் சுகத்தைக் கேட்டால் முழங்கால் மட்டும்தான் குறை. போனில் கதைத்தால் இரண்டு பேரும் சத்தம் போடுகிறோம், கடிதம் என்றால் பதில் போடுவேன் என்று சொன்னாய். அதுதான் எழுதுகிறேன். நீ வெக்ஸ்போர்ட் போய் இரண்டு மாதம். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம் என்னோடு ஒரே குசினியில் நின்றுவிட்டு, “எனக்கு சீனியர்ஸ் பில்டிங்கில இடம் கிடைச்சிட்டுது மச்சாள்” என்று ஒரு சூட்கேசோடு இறங்கினாய். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை. என் மகன் சச்சி கேட்டால், “மாமிக்குப் படி ஏற ஏலாதாம்” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பகலில் வீட்டில் நான் தனிய. சாம்பவியின் மேசையில் ஜப்பான்காரரின் படக்கதைப் புத்தகம் ஒன்று கிடந்தது. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது, படம் விளங்கும்தானே. தொடக்கத்திலேயே ஒரு ஸ்டேசனில் வடிவான பொடியனும் நீளத் தலைமயிர்ப் பெட்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, கண் மெத்தப் பெரிது. மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்று சைக்கிளோடு நிற்குது. பார்த்த உடனே எனக்கு உன் ஞாபகம். பக்கம் புரட்டப் புரட்ட நீளத் தலைமயிர்க்காரி குறைந்து குறைந்து காணாமலே போய்விட்டாள். கண்ணாடிப் பிள்ளை பெருத்துப் பக்கம் நிறைய வந்துவிட்டது. கடைசியில் மழைக்குள் அந்தப் பொடியனும் அதுவும் ஒரே குடைக்குள் போகுதுகள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில இடங்கள்தான் பிடிபடவில்லை. அங்கே முதலில் அழுதுவிட்டுப் பிறகுதான் கடிதத்தை வாசிக்கிறார்கள். வெறும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைக்கிறார்கள், அடுத்த படத்தில் சோறு நிறைந்து கிடக்குது. கெட்டிக்காரச் சனம்.

ஜூன் பதினான்காம் தேதி ஜெனோசனின் கலியாணம். பலகாரம் சுட நீ மே முடிய முதலே வந்துவிடு. உன் றூமை ஒருவரும் தொடவில்லை.

அன்புடன்,
அருந்தவம் மச்சாள்


வெக்ஸ்போர்ட்
21.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிள்ளைகளின் செய்தி எல்லாம் எனக்கும் பெருமைதான். கோயிலில் அந்த மனுசி கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். புட்டும் முட்டைப்பொரியலும். காலமை ஐந்து மணிக்கு அவித்தது நான். முழங்காலுக்கு அந்தப் பச்சை எண்ணெயைப் பூசுங்கள், அலுமாரியின் இரண்டாம் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

சாம்பவியிடம் பெயரைக் கேட்டு இங்கே லைப்ரரியில் அதே புத்தகத்தை எடுத்தேன். உங்களுக்குச் சொல்லவா விடவா என்று இரண்டு நாள் யோசித்தேன். மச்சாள், ஜப்பான்காரரின் புத்தகம் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் போகும். நீங்கள் முடிவில் இருந்து தொடக்கத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

அந்தக் கண்ணாடிப் பிள்ளையின் பெயர் சுமியே. பொடியனுக்குப் பக்கத்து வீடு. குடைக்குள் போவது அவள்தான், ஆனால் அது கதை தொடங்கும்போது. பிறகு நீளத் தலைமயிர்க்காரி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். அவளுக்குப் பொடியன் எழுதும் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது சுமியே. இரண்டு பேரும் கோபித்தால் சமாதானம் பண்ணி வைப்பது சுமியே. “அவள் இந்த ரயிலில் போகிறாள், ஓடு” என்று மூச்சு வாங்கச் சைக்கிளில் வந்து அவனுக்குச் சொல்வதும் அவள்தான். அதற்குப் பிறகு மூலையில் அந்தச் சின்னக் கட்டம். அதோடு சரி. புத்தகம் முழுக்க அவள் அடிக்கடி சொல்லும் வசனம், “பரவாயில்லை.”

உங்களுக்குப் பார்த்த உடனே என் ஞாபகம் வந்தது பிழையில்லை. எனக்கும் வந்தது.

நான் திரும்பி வரவில்லை மச்சாள். கோபம் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள்,
யோகமலர்


அஜின்கோர்ட்
03.03.2025

யோகம்,

அன்பை மேலே எழுதவில்லை, கோபத்தோடு இருக்கிறேன்.

முதல் கோபம் அந்தப் புத்தகக்காரன் மேல். சாம்பவியைப் பக்கத்தில் இருத்தி வலப்பக்கத்தில் இருந்து வாசிப்பித்தேன். நீ சொன்னபடிதான். “அப்பம்மா, சுமியே ஜஸ்ட் சைட் கரக்டர். அவவுக்கு ஸ்டோரி இல்லை” என்கிறாள். “ஸ்டோரி இல்லாமல் என்னடி? சைக்கிள் ஓடினது ஆர்? அவள் வராட்டில் உவை ரெண்டு பேரும் இப்பவும் திக்குத் திக்கா நிண்டிருப்பினம்” என்றேன். “ட்ரூ” என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கிறாள். அந்த ஆளுக்கு ஒரு கடிதம் போடலாமோ என்றும் கேட்டேன். சுமியேவுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை வரைய அவருக்கு எவ்வளவு மை செலவாகும்? பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்குது.

இரண்டாவது கோபம் உன் மேல். உன்னை ஆர் மூலையில் வைத்தது? உன் அண்ணர் கண் மூடிய நாளில் இருந்து குசினி உன் கையில், சாவி உன் கையில். என்ன கறி என்று உன்னைக் கேட்டுத்தான் நானே சாப்பிட்டேன். பிள்ளைகள் யோகம்மா யோகம்மா என்று உன்னைத்தானே சுற்றினார்கள். உன் வீட்டுக் கலியாணத்துக்கு உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குக் களைத்துவிட்டது. பொம்பிளை வீட்டார், “யோகம் எங்கே?” என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

எண்ணெய் பூசினேன்.

அருந்தவம்


வெக்ஸ்போர்ட்
17.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

பொம்பிளை வீட்டார் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் ஆரென்று தெரியாது.

நவம்பரில் நிச்சயார்த்தத்தன்று பொம்பிளையின் தாய் என்னைக் காட்டி, “உவ ஆர்?” என்று உங்களைக் கேட்டா. நீங்கள், “உவ யோகம், எங்களோட இருக்கிறவ” என்று சொல்லிவிட்டு அங்கால் திரும்பினீர்கள். படம் எடுப்பவர், “ஃபமிலி மட்டும் மேடைக்கு வாங்கோ” என்றார். நீங்கள் உங்கள் கைப்பையை என்னிடம் தந்தீர்கள். பிறகு மருமகள் தந்தா, பிறகு கஜனி. நான் மூன்று பையையும் இரண்டு கோட்டையும் வைத்துக்கொண்டு கீழே நின்றேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு அது தெரியவே இல்லை என்பதுதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. அடுத்த கிழமை, எப்போதோ பெயர் பதிந்து வைத்த பில்டிங்கில் இருந்து போன் வந்தது. ஓம் என்றேன்.

இரண்டாம் புத்தகத்தையும் எடுத்து வாசித்தேன். அதில் சுமியே வரவே இல்லை. சுமியே எங்கே என்று நீளத் தலைமயிர்க்காரி ஓரிடத்தில் கேட்கிறாள், அதற்குப் பொடியன், “அவள் வேறு ஊரில் துணிக்குச் சாயம் போடும் கடையில் வேலைக்குப் போய்விட்டாள்” என்கிறான். ஒரே ஒரு வரி. முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு யோசித்தேன். அந்த ஊரில் அவளுக்கு ஒரு றூம் இருக்கும், சாவி இருக்கும். விரல் எல்லாம் நீலமாக வேலையால் வருவாள். யாருடைய கடிதமும் அவள் கையில் இருக்காது. அந்த ஊரை ஒருவரும் வரையாதபடியால் அவள் தன் விருப்பத்துக்கு இருக்கலாம்.

நான் இருப்பது ஒன்பதாம் மாடி. காலமை தேத்தண்ணியை ஆற முதல் குடிக்கிறேன். பக்கத்து வீட்டு றெஜினா அக்காவோடு செவ்வாய்க்கிழமைகளில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். அவ பகிடிக்காரி, ரீச்சரையே சிரிக்க வைத்துவிடுவா.

ஜெனோசன் தாலி கட்டுவதைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் மச்சாள், எனக்கு இன்னும் ஒருவரும் கார்டோடு வந்து கலியாணம் சொல்லவில்லை.

உங்கள்,
யோகமலர்


அஜின்கோர்ட்
19.05.2025

அன்பு யோகமலருக்கு,

பதில் போட இரண்டு மாதம் பிந்திவிட்டேன். உன் கடிதம் தலையணைக்குக் கீழேதான் கிடந்தது.

அன்று நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. நீ பொய் எழுதமாட்டாய் என்றபடியால் நிச்சயார்த்த அல்பத்தை எடுத்துத் தேடினேன். கேக் வெட்டும் படத்தில் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியுது. காப்பைப் பார்த்து உன் கை என்று பிடித்தேன். வேறு ஒரு படத்திலும் நீ இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு எழுத வரவில்லை.

ஒரே வீட்டில் இருப்பவருக்குக் கலியாணம் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. உனக்குச் சொல்ல வந்தால், நீ வேறு வீடு என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் என் கால் வரவில்லை. “அப்பம்மா, முழங்காலைச் சாட்டாதேங்கோ” என்று கஜனி ஏசினாள்.

வாற ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணிக்கு நானும் சச்சியும் கஜனியும் வருகிறோம். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், கார்ட் எல்லாம் கொண்டு வந்து முறைப்படி சொல்லுவேன். இத்தனை வருடமும் வந்த கார்ட் எல்லாம் உன் அண்ணரின் பெயரில், ஸ்ரீஸ்கந்தராசா குடும்பம் என்றுதான் வந்தது, அதற்குள் நீயும் அடக்கம் என்று நினைத்துவிட்டேன். இது உன் பெயருக்கு. செல்வி யோகமலர் சின்னத்துரை. சாம்பவி தமிழில் எழுதினாள், எழுத்துக் கொஞ்சம் கோணல், பொறுத்துக்கொள். நாங்கள் வந்தால் எழும்பி ஓடித் திரியாதே, கதிரையில் இரு. தேத்தண்ணியைக் கஜனி போடுவாள்.

பொம்பிளையின் தாயோடும் கதைத்தேன். “அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்னது பிழை. யோகமலர் என்ர புருசன்ர தங்கச்சி. ஊரில என்ர சச்சியைத் தோளில போட்டு வளர்த்தவ. சச்சியின்ர பிள்ளையளையும் அவதான் வளர்த்தவ” என்றேன். அந்த மனுசி, “ஐயோ, ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்திட்டனே” என்று அந்தரப்பட்டுது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பலகாரத்துக்குக் கடையில் ஓடர் குடுத்தாயிற்று. பயத்தம் பணியாரம் கல்லு மாதிரி இருக்கும், சனம் பல்லுடைந்து போகட்டும். நீ சீலையை உடுத்திக்கொண்டு நேரத்துக்கு வந்தால் போதும். விதவை என்று என்னையும் தாலி கட்டும் நேரம் மேடையில் நிற்க விடமாட்டார்கள். கீழே முதல் வரிசையில் என் பக்கத்துக் கதிரை உனக்கு. கலியாணம் முடியும் மட்டும் பக்கத்தில் இருந்து ஐயரைப் பகிடி பண்ணுவோம்.

வீட்டுக்கு வா என்று இனிமேல் எழுதமாட்டேன். எழுதாமல் இருப்பது எனக்குச் சுலபமில்லை, அதையும் சொல்லிவிட வேணும். உன் றூமில் சாம்பவி படிக்கட்டுமா என்று கேட்கிறாள். நீ ஓம் என்றால்தான்.

இரண்டாம் புத்தகத்தில் அந்த ஒரு வரியை விரலால் காட்டச் சொல்லிப் பார்த்தேன். எழுத்துத்தான், படம் இல்லை. சுமியே போன ஊர் எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமோ? எங்கள் சுவரில் பதக்கத்தோடும் பட்டத்தோடும் பதினெட்டுப் படம் மாட்டியிருக்கிறேன். நீ தனிய நிற்கிற படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. றெஜினாவைக் கொண்டு உன் யன்னலோரம் ஒரு புதுப் படம் எடுப்பித்து, பின்பக்கத்தில் உன் விலாசத்தை எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கையில் தரவேண்டாம். உன் ஊரில் இருந்து தபாலில் போடு.

அன்புடன்,
அருந்தவம் மச்சாள்