சர்பத்தின் நிறம்

அலுமாரியை ஒதுக்கிய அம்மா அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சேட்டை இழுத்தெடுத்தார். "ஆற்றையடா இது?" உன்னுடையது, மச்சான். நெஞ்சில் அந்தக் கறை அப்படியே இருக்கிறது. பச்சை.

போன வருட ஆடிவேல் திருவிழாவுக்குக் காலி வீதித் தண்ணீர்ப் பந்தலில் ஆளுக்கொரு கப் சர்பத் குடித்தோம். நீ பாதியைச் சேட்டுக்கும் கொடுத்தாய். இன்னொரு கப் வாங்க என் மகா திட்டம்: பக்கத்து ஒழுங்கைக்குள் போய்ச் சேட்டுகளை மாற்றிக்கொண்டோம். கறையை இருவருமே மறந்தோம். ஊற்றிக்கொடுத்த மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இந்தச் சேட் ஏற்கெனவே குடிச்சிட்டுது. நீர் போம்."

சிரித்தபடியே ஓடினோம். உன் சேட் என்னிடமே தங்கிவிட்டது.

இந்த வருடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கதையை எழுதியபோது 'சிவப்புச் சர்பத்' என்று போட்டேன். "பச்சையடா" என்று உடனே வந்தாய். எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் என் வாய்க்குத் தோற்கத் தெரியாதே. "நீ சொல்லுறது பச்சைப் பொய்" என்றேன். குழுவே விழுந்து சிரித்தது. வாக்கெடுப்பும் வைத்தேன். பந்தல் பக்கமே வராதவர்கள்கூடச் சிவப்புக்குப் போட்டார்கள். பதினொன்றுக்கு ஒன்று. அன்றிலிருந்து உன் பெயர் புளுகன்.

அன்று பின்னேரமே சேட்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மடித்து அடித்தட்டில் தள்ளினேன். ஒரு கிழமை உன்னைச் சீண்டிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அந்தக் கிழமைதான் உனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து குரல் பதிவு அனுப்பினாய். மூச்சு வாங்கி வாங்கிக் கதைத்தாய். "மச்சான், பகிடியை விடு. எல்லாரும் புளுகன் எண்டுறாங்கள். நீயாவது சொல்லன், பச்சைதானே?"

நாக்கை நீட்டும் பொம்மை முகமொன்றை அனுப்பினேன். மூன்றாம் நாள் உன் அண்ணா அழைத்தார்.

செத்தவீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்து, "உன்னைப் பற்றித்தான் அவன் எப்பவும் கதைப்பான்" என்றார். அப்போதும் சொல்லவில்லை.

இன்று சேட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். "அவன் சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும்." வழக்கம்போல் கீழே ஒரு பகிடி எழுதியிருந்தேன், அனுப்புமுன் அழித்தேன்.

உன்னை ஒருவரும் குழுவிலிருந்து எடுக்கவில்லை. உன் போனை உன் அம்மா அணைத்து வைத்திருக்கிறார். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது சரிக்குறி விழும். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்.