உன் அப்பா நீட்டிய பொட்டலங்கள்

இன்று காலை அரளிப்பூ வாசம் முதலில் வந்தது, பிறகுதான் மாமா, உன் அப்பா, வந்தார். வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள் கையில்.

"ஆத்தா, அய்யனார் கோயில் வரைக்கும் வாறியா? சின்னவளைப் படிக்க அனுப்பலாமான்னு பூக்கட்டிப் பாக்கணும். நீதான் எடுத்துத் தரணும்."

நீ போன பிறகு மாமா என்னோடு பேசிய முதல் பேச்சு இதுதான்.

எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப்பூ வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுப்பது கல்யாணமாகாத பெண்ணின் கையாக இருக்க வேண்டும். போன வருஷம் உன் படிப்புக்கும் என் கையைத்தான் கேட்டார். பூப்பறித்துக் கட்டும் வேலையும் என்னிடமே வர, எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்திரித் தோப்பில் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டுலயும் வெள்ளையை வச்சுக் கட்டிப்புடுறேன்டி. அய்யனாரோட குதிரையே ஆன்னு பாக்கும்."

"வேணாம்டி."

"ஏன், சாமி கண்ணைக் குத்தும்னு பயமா?"

"சாமியை விடு. எங்கப்பாவை ஏமாத்த வேணாம்."

உடனே நீ அந்தத் தாளை எடுத்தாய். கறம்பக்குடிச் சந்தையில் கடலை மடித்துக் கொடுத்த பத்திரிகைத் தாள். இருநூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பிய ஞானி ஒருவரைப் பற்றியது. அவர் பெயர் இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது. நான் அவருக்குக் 'கிழிஞ்ச தாத்தா' என்று பெயர் வைத்தேன். நீயோ அவரைச் சொந்தத் தாத்தாவாகவே ஆக்கிக்கொண்டாய். சொந்தப் புத்தியால் யோசிக்கத் தைரியம் வேண்டும், எந்த மனுஷனையும் நம் காரியத்துக்கு ஏணியாக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் சொன்னதாம்.

"ஏமாத்திட்டா அப்பா எங்க யோசிப்பாரு? நானும் அவரை ஏணியாக்கின மாதிரிதானே?"

"கிழிஞ்ச தாத்தா நம்ம ஊருல பொண்ணாப் பொறந்திருக்கணும். அப்பத் தெரிஞ்சிருக்கும் சேதி!"

நீ சிரித்தாய். ஆனால் மசியவில்லை. ஒன்றில் வெள்ளையும் ஒன்றில் சிவப்புமாகவே கட்டினேன்.

கோயிலில் நான் கையை நீட்டும்போது நீ குறுக்கே வந்தாய். "அப்பா, சாமியைக் கேக்குறதுக்கு முன்னாடி என்னைய ஒரு தடவை கேளுங்க." மாமா உன்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சரி, சொல்லு," என்றார். "எனக்குப் படிக்கணும்ப்பா. டவுன்ல தனியா இருக்கப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போகணும்." அவ்வளவுதான். பொட்டலங்களைப் பிரிக்காமல் குதிரையின் காலடியிலேயே வைத்துவிட்டு வந்தோம். புதுக்கோட்டையில் உன் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாய்.

தை பிறந்ததும் லீவுக்கு வந்தாய். வந்த இடத்தில் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பிறகு ஊர் என்ன பேசியது தெரியுமா? பூவைப் பிரிக்காமல் மகளை அனுப்பினாரே, சாமி சும்மா விடுமா என்று.

அதைத்தான் மாமா இன்று கேட்டார். "அன்னைக்குப் பிரிச்சுப் பாத்திருந்தா அவ இருந்திருப்பாளா, ஆத்தா?"

என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. 'நாந்தானே மாமா கட்டுனேன், ரெண்டுலயும் வெள்ளைதான்.' அதைச் சொன்னால் அவர் மனம் ஆறும், சின்னவளும் பள்ளிக்கூடம் போவாள். இதைவிட நல்ல பொய்யை என் ஆயுசில் நான் கண்டதில்லை.

சொல்லவில்லை.

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு மாமா. எது கையில வந்திருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா பள்ளிக்கூடப் பக்கமே போகாத ரெண்டு பேரைக்கூட அதே காய்ச்சல் நம்ம தெருவுல கொண்டுபோச்சு. லீவுக்கு வந்தப்ப பள்ளிக்கூடத்தைப் பத்தி அவ வாய் ஓயாமப் பேசுனதை நீங்களும் கேட்டீங்கள்ல?"

"கேட்டேன்," என்றார். "கேட்டுக்கிட்டே இருந்தேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். கேலி பேசக்கூடத் தோன்றவில்லை, பார்த்துக்கொள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற உன் தங்கையைக் கூப்பிட்டார். "இங்கிட்டு வா. அக்கா படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் போறியா? பயமா இருந்தா அதையும் சொல்லு."

அவள் யோசித்தாள், உன்னைப் போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. "போறேன்ப்பா. ஆனா சித்தி வைக்கிற பாகற்காய்க் கொழம்பு மட்டும் திங்க மாட்டேன்."

மாமா சிரித்துவிட்டார். பொட்டலங்கள் பிரிக்காமலே அவர் பக்கத்தில் கிடந்தன.

என் வாய்க்கு இன்னும் ஊர் பயப்படத்தான் செய்கிறது, குறும்பும் குறையவில்லை. ஆனால் யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாமல் ஒரு காரியத்தை முடிக்கப் போகும்போதெல்லாம், "வேணாம்டி" என்கிறாய் நீ. கையை எடுத்துக்கொண்டு, அவர்களையே கேட்கிறேன்.