கடைசி பெஞ்சில் அப்பா

ஸ்ரீரங்கம்
20-1-1957

அன்புள்ள பவுனுக்கு,

நானும் நம் மகள் வள்ளிக்கண்ணுவும் நலம். என் சமையலையும் மீறி நலம். உன் தங்கைக்குச் சுகப்பிரசவம் ஆனதில் ரொம்ப சந்தோஷம்.

அரையாண்டுப் பரீட்சையில் அவளுக்குக் கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு. நான் ஏழாம் வகுப்பில் வாங்கியது பன்னிரண்டு. குடும்பம் முன்னேறுகிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. “எனக்குக் கணக்கு வராதுப்பா, விட்டுடுங்க” என்கிறாள். புத்தகத்தைத் தொடுவதே இல்லை.

அவள் டீச்சர் ரங்கநாயகி அம்மா புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் இரண்டு பெற்றோர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டுமாம். வீட்டில் அக்கறை இருப்பது தெரிந்தால் பிள்ளைக்கும் படிக்கத் தோன்றுமாம். பிப்ரவரி ஒன்பது என் முறை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லீவு கேட்டேன். “எதுக்குய்யா?” என்றார் ஃபோர்மேன். “ஸ்கூலுக்குப் போறேன் சார்.” “இப்பவாவது போறியே” என்றார்.

இப்படிக்கு,
மருதை

உப்பிலியபுரம்
27-1-1957

வள்ளிக்கண்ணு அப்பாவுக்கு வணக்கத்துடன் பவுனம்மாள் எழுதுவது.

தங்கையும் குழந்தையும் சௌக்கியம். அவளுக்குத் துணையாக மே கடைசிவரை நான் இங்கேதான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. உங்கள் கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டியது என் தப்பு. பதினெட்டு என்றதும் பிடித்துக்கொண்டார். “முழுப் பரீட்சையிலயும் பெயிலானா நிறுத்திடு பவுனு. வீட்டு வேலை பழகட்டும்” என்கிறார். அழுதுகொண்டே போகிற பிள்ளையை எத்தனை நாள் அனுப்புவது? பெயிலானால் ஜூனில் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். கோபிக்காதீர்கள்.

வகுப்புக்குப் போனால் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தங்கை கல்யாணத்தில் சம்பந்தியிடம் நீங்கள் பேசியதை இன்னும் இங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பவுனம்மாள்

ஸ்ரீரங்கம்
10-2-1957

அன்புள்ள பவுனுக்கு,

பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்.

பன்னிரண்டு வயதுப் பெண்களுக்குச் செய்த பெஞ்சு; என் முழங்கால் தாடையில் இடித்தது. பக்கத்தில் இன்னொரு பெண்ணின் அப்பா, கடைவீதி மீரான் பாய். கால்மணியில் தூங்கிவிட்டார். நல்ல மனிதர், குறட்டை இல்லை.

டீச்சர் அரை இஞ்சையும் அரைக்கால் இஞ்சையும் கூட்டச் சொன்னார். ஒரு பெண்ணும் எழவில்லை. எனக்குத்தான் பொறுக்காதே! ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் இஞ்சை எட்டு நூலாகப் பிரித்துத்தான் அளப்போம். அரை என்றால் நாலு நூல், அரைக்கால் என்றால் ஒரு நூல். “அஞ்சு நூல் டீச்சர்” என்று கத்திவிட்டேன். “அதைப் பின்னமா போர்டில எழுதுங்க” என்றார். போய் ஐந்து என்று எழுதினேன். கீழே என்ன எழுதுவதென்று யாருக்குத் தெரியும்? சாக்பீஸும் கையுமாக நின்றேன். வகுப்பே சிரித்தது. மீரான் பாயும் விழித்துக்கொண்டார்.

வள்ளிக்கண்ணு விருட்டென்று எழுந்தாள். “சிரிக்காதீங்கடி! எங்கப்பா சொன்னது சரிதான். இஞ்சுக்கு எட்டு நூல். தள்ளுங்கப்பா!” என் ஐந்துக்குக் கீழே கோடு போட்டு எட்டு எழுதினாள். பிறகு எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கீழ இருக்கறது எத்தனை துண்டு போட்டோம்ங்கறதா டீச்சர்? அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்டி அம்மா.”

நேற்று சாயங்காலமே என் அடிஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டில் அளக்காத பொருள் இல்லை. என் மீசை ஒரு பக்கம் பதினோரு நூல், மறுபக்கம் பத்துதானாம். இத்தனை வருஷமாக நீ சொல்லவே இல்லையே!

மருதை

ஸ்ரீரங்கம்
28-4-1957

அன்புள்ள பவுனுக்கு,

முழுப் பரீட்சையில் வள்ளிக்கண்ணுவுக்குக் கணக்கில் நாற்பத்தேழு. பாஸ். மார்க்கைப் பார்த்ததும் ஓடிப்போய் டீச்சரிடம் காட்டிவிட்டு, அதன்பின்தான் என்னிடம் வந்தாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காப்பி குடித்ததும் சரியாகிவிட்டது. எட்டாம் வகுப்பிலும் அந்தச் சனிக்கிழமை ஏற்பாடு உண்டாம். உன் அண்ணனிடம் நீதான் பேச வேண்டும்.

மருதை

உப்பிலியபுரம்
5-5-1957

வள்ளிக்கண்ணு அப்பாவுக்கு,

அண்ணனிடம் சொன்னேன். “ஏதோ இந்த வருஷம் தப்பிச்சிட்டா” என்றார். “அடுத்த வருஷமும் படிப்பாண்ணே. நான் அன்னிக்கு ஒத்துக்கிட்டது தப்பு” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளில் சரியாகிவிடுவார்.

நான் நிறுத்த ஒப்புக்கொண்டதை வள்ளிக்கண்ணுவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். வந்து நானே சொல்கிறேன்.

ஜூனில் முதல் சனிக்கிழமைக்கு டீச்சரிடம் என் பேரைக் கொடுத்து வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போங்கள். என்னையும் போர்டுக்குக் கூப்பிடுவார்களோ என்னவோ. கூப்பிட்டால் கூப்பிடட்டும். அங்கே என் மகள் இருப்பாள்.

பவுனம்மாள்